ஏகமனதாக என்று எழுதியவள்

அட்டைப்பெட்டி அச்சடிக்கும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் நடுவரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. திட்டப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். அதில் கடைசிப் பதினோரு வருஷம் திட்டத் தேர்வுக் கூட்டம் அவள் தலையில் விழுந்தது.

கூட்டம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரிவும் தன் ஆசைகளைத் தூக்கிக்கொண்டு வரும். கிடங்குக்குப் புதுக் கூரை, விற்பனைக்கு நாலு வண்டி, கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஏதோ ஒரு புது மென்பொருள் என்று இருபது திட்டம் சேரும். இருக்கிற ஆளுக்கும் பணத்துக்கும் ஏழுதான் தாங்கும். அந்த ஏழு எது என்பதில்தான் அடிதடி. ஆளாளுக்கு நாட்டாமை. விற்பனை மேலாளர் மேசையைத் தட்டிப் பேசுவார், கணக்கு அதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். நடுவில் முதலாளி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதுவரை எதிர்த்தவர்கள்கூட “நானும் அதத்தான் சொல்ல வந்தேன்” என்பார்கள். வல்லான் வகுத்ததே வாய்க்கால்.

இதை மாற்றியவள் நடுவரம்மாதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருக்க வேண்டியதும்தான். அவள் கொண்டுவந்த முறை எளிமையானது. ஒரு திட்டத்தை வாசித்து முடித்ததும் ஐந்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது. உள்ளங்கை அகல அட்டையில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை எழுதி அவளிடம் கொடுக்க வேண்டும். முதலாளிக்கும் ஒரே ஒரு அட்டைதான். அவள் கலைத்துவிட்டு எண்களை வாசிப்பாள். ஆகக் குறைவாகப் போட்டவர் யாரோ அவர்தான் முதலில் பேசுவார், அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. பிறகு ஆக அதிகம் போட்டவர் பேசுவார். மறுபடி ஒரு சுற்று அட்டை. முடிந்ததும் எல்லா அட்டையையும் கிழித்துவிடுவாள். யார் யாருக்குக் குறைத்துப் போட்டார் என்ற பேச்சு அறைக்கு வெளியே போய்ப் பகை வளரக்கூடாது பாருங்கள்.

முறை நன்றாகவே ஓடியது. சத்தம் குறைந்தது. வாயில்லாப்பூச்சிகள்கூடப் பேச ஆரம்பித்தார்கள். வீட்டில்தான் மதிப்பில்லை. “கம்பெனிக்கே பஞ்சாயத்து பண்றா, டிவி ரிமோட் யார் கையில இருக்கணும்னு இங்க ஒரு தீர்ப்பு சொல்ல முடியல” என்று புருஷன் கிண்டலடிப்பார். அவளும் சிரிப்பாள்.

எட்டாவது வருஷம் முதலாளிக்கு ஒரு ஆசை வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய அச்சு மிஷின் வாங்கி மாடியில் வைக்க வேண்டும். கீழே இடத்தைக் காலி செய்ய இரண்டு மாதம் ஆகும், மாடி சும்மாதானே கிடக்கிறது என்பது அவர் கணக்கு. அன்றைக்குப் பராமரிப்பு இன்ஜினியர் மருத்துவ விடுப்பில் இருந்ததால் அவருக்குப் பதிலாக ஃபோர்மேன் வந்திருந்தார். எப்போதும் சட்டைப் பையில் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் அவருக்கு ஸ்பேனர் அண்ணன் என்று பெயர். அந்த மாதிரி அறையில் அவர் உட்கார்ந்ததே அன்றுதான் முதல் தடவை. நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அட்டைகள் வந்தன. ஐந்து, ஐந்து, நாலு, ஐந்து, ஐந்து. கடைசி அட்டையில் ஒன்று.

கையெழுத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கருவிகள் மேல் எண் பொறிக்கிறவர் கை அது, எழுத்து அழுத்தமாகப் பதிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஸ்பேனர் அண்ணனின் நெற்றியெல்லாம் வியர்வை. எதிரில் விற்பனை மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராக இருந்தார். இந்த மனுஷன் வாயைத் திறந்தால் குதறிவிடுவார்கள் என்று அவளுக்குப் பட்டது. முதலாளி வேறு சிரித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை மணிவரை ஒரு சண்டைகூட இல்லாமல் ஓடிய கூட்டம் அது ஒன்றுதான். அதைக் கெடுக்கவும் அவளுக்கு மனசில்லை. பரிதாபம் பாதி, சொந்த வசதி பாதி. பின்னால் அவளே இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாள்.

அந்த அட்டையை அடியில் தள்ளினாள். “எல்லாமே நாலும் அஞ்சும்தான், பேச ஒண்ணும் இல்ல” என்றாள். கைதட்டினார்கள். ஸ்பேனர் அண்ணன் அவளையே பார்த்தார். அவள் அடுத்த திட்டத்தை எடுத்தாள். சாயங்காலம் கூட்டக் குறிப்பில் ‘ஏகமனதாக’ என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். அவரும் போட்டார். பெரியவர்கள் எல்லாம் போட்ட பிறகு அவர் ஒருவர் மட்டும் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா?

மிஷின் மாடி ஏறியது. ஐந்தாவது மாதம், மழை ஓய்ந்த ஒரு காலையில் தளம் நாலு விரல் அகலத்துக்கு இறங்கியது. மிஷின் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நல்லவேளையாகக் கீழே வேலை பார்த்தவர்கள் டீக்குப் போயிருந்தார்கள், யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனது, மிஷின் ஏழு மாதம் ஊமையாக நின்றது. பெரிய இடத்தில் தப்பு நடந்தால் பழி சின்ன இடத்தைத் தேடித்தானே வரும்.

விசாரணைக்கு வெளியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். விரிசல் விட்ட பீமில் பென்சில் கோடுகளும் பக்கத்தில் தேதிகளும் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். எல்லாம் ஸ்பேனர் அண்ணன் கையெழுத்து. இரண்டு வருஷமாக அந்த விரிசலை அளந்து வந்திருக்கிறார். இன்ஜினியரிடமும் சொல்லியிருக்கிறார், “கூட்டத்துல பேசிக்கலாம்” என்றாராம் அவர். இப்போது கேட்டால் ஞாபகம் இல்லை என்றார்.

“விரிசல் இருக்குன்னு தெரிஞ்சும் எப்படி ஒத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார்கள்.

“நான் ஒத்துக்கல சார். ஒண்ணுதான் போட்டேன். அம்மாவுக்குத் தெரியும்.”

இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். “இது உண்மையாம்மா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். பிறகு ஏன் ஏகமனதாக என்று எழுதினீர்கள்? மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம், ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

“அட்டைங்கள கிழிச்சிடுவோம் சார். யார் என்ன போட்டாங்கன்னு வெளிய சொல்றதில்ல. அதான் முறை.”

ஒரு சொல்லும் பொய்யில்லை. கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அப்படிப்பட்ட பதில். ஒரு வாரத்தில் ஸ்பேனர் அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஆபத்தைத் தெரிந்தே மறைத்தவர் என்று பெயர் பரவியதில் வேறு எந்தத் தொழிற்சாலையும் அவரைச் சேர்க்கவில்லை.

அவள் இன்னும் மூன்று வருஷம் கூட்டம் நடத்தினாள். ஆகக் குறைந்த எண்ணையும் போட்டவர் பெயரையும் அவர் சொன்ன காரணத்தையும் குறிப்பில் எழுத வேண்டும் என்று புது விதி கொண்டுவந்தாள். அருமையான யோசனை என்று முதலாளி பாராட்டினார். அந்தப் பாராட்டு அவளுக்குச் சாட்டையடியாக விழுந்தது. விடைபெறும் நாளில் மேடையில் “யாரையும் விட்டுக்கொடுக்காத நடுவர்” என்று பேசினார்கள். அவள் குனிந்து சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

புருஷனிடம் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. “என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவர்கிட்ட போய்ச் சொல்லு” என்றார்.

விசாரித்துக்கொண்டு போனாள். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார் ஸ்பேனர் அண்ணன். மோட்டார் அறையின் வாசலில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவைத் துடைத்து, “உக்காருங்கம்மா” என்றார். அவள் நின்றபடியே சொன்னாள். அட்டையை அடியில் தள்ளியதை, காரணத்தை, விசாரணையில் நழுவியதை, எல்லாவற்றையும்.

“என்னைக் காப்பாத்தத்தான் அட்டைய மறைச்சீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா” என்றார். “அதுல எனக்குக் கோவம் இல்ல. விசாரணையில உங்களத்தான் நம்பி இருந்தேன். அதான் தாங்கல.”

அவளுக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்கும் தகுதியும் தனக்கில்லை என்று பட்டது. கடைசியில், “அன்னிக்கு நான் பேசக் கூப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கண்ணே?” என்றாள்.

அவர் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்றார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் பெருசா படிச்சவன் இல்ல. மிஷின் வேணாம்னு சொல்ல வரல, அது வந்தா நமக்கெல்லாம் நல்லதுதான். ஆனா மாடித் தளத்தத் தாங்குற பீம்ல, மூணாவது தூணுக்குப் பக்கத்துல ஒரு விரிசல் இருக்கு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் நீளுது. தேதி போட்டு வெச்சிருக்கேன், இப்பவே வந்தீங்கன்னா காட்டுறேன். கீழ்த்தளத்துல மேற்கு மூலையில எடம் பண்ணிக்கலாம். ரெண்டு மாசம் ஆகும்ங்கறாங்க, எனக்கு நாலு ஆள் குடுத்தீங்கன்னா மூணே வாரத்துல முடிச்சுத் தரேன். அவ்வளவுதாங்க.”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

“மொத நாள் வீட்டுல அவகிட்ட நாலு தடவ சொல்லிப் பாத்துட்டுத்தான் வந்தேன்” என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, “சரியா சொன்னேனாம்மா?” என்று கேட்டார்.