மனு நாளில் வந்த வௌவாலும் கிரேஸ் அக்காவும்

ராதாபுரத்திலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது பழைய அலுவலக நண்பர் சண்முகம் அழைத்தார். "கிரேஸ் அக்கா போயிட்டாவ வே. காலையில நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றார்.

பாளையங்கோட்டை அலுவலகத்தில் அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆனால் அந்த வௌவால் விஷயத்தை மிக அருகில் நின்று பார்த்தவன் நான்.

அன்று திங்கட்கிழமை, மக்கள் குறைகளை எழுதிக் கொடுக்கும் மனு நாள். கூட்ட அரங்கு நிறைய ஆட்கள். யாரோ ஜன்னல் திரையை இழுக்க, அதன் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த பெரிய பழந்தின்னி வௌவால் ஒன்று தரையில் விழுந்தது. ஒரே கூச்சல். "காய்ச்சலைப் பரப்பிரும்" என்று ஒருவர் கத்தினார். "அடிச்சு வெளியே போடுங்கய்யா" என்றார் அதிகாரி. தரை பெருக்கும் வாரியலை ஓங்கியவன் நான்தான்.

பதிவறை எழுத்தரான கிரேஸ் அக்கா குறுக்கே வந்து நின்றார். "கீழ போடு தம்பி. அது நம்மளக் கண்டு பயந்துபோய்க் கெடக்கு."

"யாரையாவது கடிச்சா யார் பொறுப்பு?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார். எழுதியே தாரேன்."

மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். "சண்முகம், எல்லாரையும் பைய வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வனத்துறைக்குப் பேசி, அவர்கள் சொன்னபடி வெறுங்கையால் தொடாமல் ஓர் அட்டைப்பெட்டியை அதன்மேல் கவிழ்த்தார். அடியில் கோப்பு அட்டையை மெல்லச் செருகினார். பெட்டி அசையவே இல்லை.

சாயங்காலம் வனத்துறையினர் வந்து இறக்கையைச் சோதித்தார்கள். காயமில்லை. இருட்டத் தொடங்கியதும் வளாகத்து மருத மரத்தில் ஏற்றிவிட்டார்கள். அது நகத்தால் பற்றிப் பற்றி மேலேறி, ஒரு கிளையிலிருந்து கீழே விழுந்தது. "ஐயோ" என்றேன். விழுந்த வேகத்திலேயே இறக்கை விரித்து ஆற்றுப் பக்கம் பறந்தது. மனு கொடுத்துவிட்டும் போகாமல் காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"அதுவும் மனு நாளாப் பாத்துல்லா வந்திருக்கு" என்று அக்கா சிரித்தார்.

கூட்டம் தாமதமானதற்கு விளக்கம் கேட்டு மறுநாள் அக்காவுக்கு மெமோ வந்தது. "வழி தெரியாமல் உள்ளே வந்த ஓர் உயிரை, யாருக்கும் கேடில்லாமல் வெளியே அனுப்ப நேரம் தேவைப்பட்டது" என்று பதில் எழுதினார். ஒரு சொல்லில்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. அதிகாரி படித்துவிட்டு, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று கையெழுத்திட்டார்.

மேலிடம் சொன்னதும் 'சரி சார்' என்று எழுந்துவிடும் ஆளாக இருந்தேன். இப்போது ஒரு கேள்வியாவது கேட்கிறேன். அந்தத் துணிச்சல் அக்காவிடமிருந்து வந்தது. பதினொரு வருடம் கிரேஸ் அக்காவுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லும்போது என் குரல் தானாக உயர்கிறது.