நூலக வண்டியின் முதல் முத்திரை

எங்கள் நூலகத்தின் புத்தக வண்டி முதன்முதலாக முடிச்சூருக்குப் போன காலையில், ஒலிபெருக்கியில் நானே கூவிக்கொண்டு போனேன். முதல் தெருவிலேயே ஓர் அம்மா சாக்குமூட்டையோடு ஓடிவந்தார்.

"தராசு எங்க சார்?"

பழைய பேப்பர் வண்டி என்று நினைத்துவிட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"இது லைப்ரரிம்மா!" என்று மூட்டையைத் தள்ளினேன். கட்டு அவிழ்ந்து, பழைய கைடுகளோடு ஒரு தடித்த நாவல் விழுந்தது. முதல் பக்கத்தில் எங்கள் நூலக முத்திரை! காணவில்லை என்று பல வருடங்களுக்கு முன் நானே பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதிவைத்த புத்தகம்.

"ஐயோ, இந்த புக்கு இதுலயா கீது? இத்தினி நாளா தேடிகினு இருந்தேன் சார். கடைசி அம்பது பக்கம் பாக்கி. ரினியூவல் போட்டுத் தருவீங்களா?"

"பதினைஞ்சே நாள்தான்" என்று அதட்டிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வண்டியின் புது முத்திரையை முதலில் அதில்தான் குத்தினேன்.