எண்ணெய் கலந்த காலைகள்

பெட்ரோலுக்குள் டூ டி ஆயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வரும். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் வருமே, அந்த மாதிரித் தூக்கம். ஆயில் நல்ல பச்சை. ஊற்றியதும் கலந்துவிடாது. நூல் நூலாகப் பிரிந்து, வெள்ளைக் கேனுக்குள் மெல்லச் சுழன்று, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கேனை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் எல்லாம் தெரியும். குலுக்கிவிட்டால் அந்த நூல்கள் காணாமல் போய்விடும் என்பதற்காகவே நான் கொஞ்ச நேரம் குலுக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

போர்ட் பிளேரில் சீக்கிரம் விடிந்துவிடும். மெயின்லேண்டில் ஆட்கள் புரண்டு படுக்கிற நேரத்தில் இங்கே வெயில் வாசலில் வந்து நிற்கும். ஜங்லிகாட்டில் எங்கள் வாடகை அறைக்குப் பின்னால், குழாயடியை ஒட்டி ஒரு சிமெண்டுத் தரை உண்டு. அதுதான் என் இடம். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், மூடியை இறுக்கி ஒரு குலுக்கு. அப்புறம் மீதிப் பெட்ரோல், மறுபடியும் குலுக்கு. ஆயிலை அளக்க இருமல் மருந்து பாட்டிலின் குட்டி மூடி ஒன்று வைத்திருந்தேன். ஆயில் குறைந்தால் புல் வெட்டும் மெஷினின் என்ஜின் இறுகி நின்றுவிடும். கூடினால் புகை கண்ணைக் கரிக்கும்.

அந்த மூடி சுனாமி முகாமில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த மருந்தோடு வந்தது. மருந்து தீர்ந்தது, இருமலும் நின்றது. மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. அவருக்கு எந்த வாசனையும் தெரியாமல் போயிருந்தது.

புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அவர்தான். எண்ணெய் கலப்பதும் ஆரம்பத்தில் அவர் வேலையாகத்தான் இருந்தது. ஒருநாள் சட்டையில் பெட்ரோல் சிந்தி ஊறியிருப்பது தெரியாமல், வாயில் பீடியை வைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் திறந்தார். நான் பாய்ந்து பிடுங்கினேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். அன்றோடு பீடி நின்றது, கேனும் என் கைக்கு வந்தது.

அதற்கு முன்னால் அவருக்கு எப்படிப்பட்ட மூக்கு இருந்தது என்று சொன்னால்தான் இது புரியும். நாங்கள் சின்ன வயதில் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அங்கே தேயிலை, சுனாமி வரைக்கும் இங்கே நிக்கோபாரில் ரப்பர். ரப்பர் ஷீட்டைப் புகை போடுகிற இடத்தின் நாற்றத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தாலும், தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் நுழையும்போதே எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் ரசம் என்று சொல்லிவிடுவார். நான் ரப்பர் பால் வெட்டும் காட்டுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனால் திரும்பியே பார்க்க மாட்டார். மரத்தைப் பார்த்தபடியே, “எண்ணெக்காரி வந்துட்டா” என்பார்.

அது என் தலையெண்ணெய்க்காகச் சொன்னது. தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையும் வெந்தயமும் கரிசலாங்கண்ணியும் போட்டு நானே காய்ச்சுவேன். அந்த வாசம் எனக்கு முன்னால் போய் நின்றுவிடுமாம். எத்தனை பெண்கள் வரிசையாக வந்தாலும் நான் எங்கே வருகிறேன் என்று தன்னால் சொல்லிவிட முடியும் என்று பீற்றிக்கொள்வார். எனக்கு வெட்கமாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

கடல் வந்த காலையில் அவர் முன்னால் ஓடினார், நான் பின்னால் ஓடினேன். மேட்டில் ஏறி அவர் திரும்பிப் பார்த்தபோது நான் இல்லை. தண்ணீர் என்னைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் வேறொரு சரிவில் மரக்கிளைகளுக்கு நடுவே போட்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. என்னைத் தேடி அந்தத் தண்ணீருக்குள்ளேயே இறங்கினார். அடுத்த அலை அவரை மடக்கி, சேறும் கடலுமாக மூக்கிலும் வாயிலும் ஏற்றிவிட்டது. சில நாள் கழித்து, போர்ட் பிளேர் போகும் கப்பலில்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் என் தலையைப் பிடித்து முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். உப்புத்தண்ணீரில் ஊறிய தலையில் என்ன வாசம் இருக்கும் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான்தான் முன்னால் நடக்க வேண்டும். “நீ முன்னால போ” என்பார். கடைத்தெருவில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் இடித்துக்கொண்டு போகிற கூட்டத்தில், ஊர்வலத்தில் சாமி போகிற மாதிரி நான் முன்னால் போவேன், அவர் பின்னால் வருவார். ஒரு சாமானைப் பார்க்க நின்றால் அவரும் நிற்பார். எரிச்சலாக வரும். ஏன் என்று எனக்குத் தெரியும், அதனால் வாயை மூடிக்கொண்டு நடப்பேன்.

அந்த வருஷங்களை நினைத்தால் எல்லாமே ஈரமாகத்தான் ஞாபகம் வருகிறது. சுவர் ஈரம், துணி ஈரம், குழாயடியில் சிந்திய பெட்ரோல் மழைத்தண்ணீரில் படர்ந்து நீலமும் ஊதாவுமாக நகர்ந்துகொண்டிருக்கும். காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு அவர் போனால், தூரத்தில் ஏதோ ஒரு குவார்ட்டர்ஸ் பக்கத்திலிருந்து மெஷின் சத்தம் தேனீ மாதிரி வரும், நிற்கும், வரும். அது அவருடைய மெஷினாகவே இருக்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பாதித் தூக்கத்தில் சமைப்பேன்.

சமைத்து என்ன செய்ய? உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான். அவர் குழியை மண் போட்டு மூடுகிற மாதிரிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். நான் சும்மா விடவில்லை. பெருங்காயத்தை மூக்கடியில் காட்டினேன், கருவாட்டைச் சுட்டுக் காட்டினேன், ஊறுகாய் ஜாடியைத் திறந்து நீட்டினேன். அவர் மரியாதையாகக் குனிந்து முகர்ந்துவிட்டுத் தலையாட்டுவார். ஆஸ்பத்திரியில், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் கோபத்தில் மீன் குழம்பில் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டினேன். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்கு” என்றார். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நான் அழுதேன். என்னைத் தேடிப்போய்த் தொலைத்த மூக்கு அது. அதை அவருக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை என்பதுதான் என் அழுகை.

அப்புறம் ஒரு ஆகஸ்ட் மாதம். மழைக்காலம், கடல் சரியில்லை, மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய கப்பல் வரவில்லை. வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. டூ டி ஆயிலும் இல்லை. பழைய ஸ்கூட்டர்கள் போய்ப் புதிய வண்டிகள் வந்துவிட்டதால் கடைக்காரர்கள் அதை முன்பு போல வாங்கி வைப்பதில்லை. எங்கள் கான்ட்ராக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு ஒரு மைதானத்தின் புல்லை வெட்டிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் வாசலில் நின்று பேசியது கெஞ்சலா மிரட்டலா என்று எனக்குப் புரியவில்லை. மழையில் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்து கிடந்தது.

என் வீட்டுக்காரர் கடை கடையாக அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்து படுத்துவிட்டார். நான் தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். அவர் வங்காளி, எல்லாரிடமும் இந்தியில்தான் பேசுவார். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் ஓடுமா என்று கேட்டேன். சிரித்தார். ஒருநாள் ஓடும், பழக்கப்படுத்தாதே, வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொல் என்றார்.

வீட்டில் சமையலுக்கு இருந்த எண்ணெய் அடிமட்டத்தில் கிடந்தது. நிறைய இருந்தது என் தலையெண்ணெய்தான். விடியற்காலையில் அதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மெஷின் வீணாகிவிடும் என்று தடுப்பார். பெட்ரோலில் ஊற்றியபோது பச்சை நூல் வரவில்லை. மங்கலான ஒரு மஞ்சள், மூட்டம் மாதிரிப் பரவி மறைந்தது. குலுக்கிவிட்டு மூடியைத் திறந்தேன். பெட்ரோல் நெடிக்கு அடியில் என் தலை வாசம் எனக்கே அடித்தது. யாரோ பார்த்துவிட்டது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கேனை வாங்கிக்கொண்டு எப்போதும் போலப் போனார்.

அன்று மழை விட்டிருந்தது. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தூரத்து மெஷின் சத்தம் வந்தது, நின்றது. வந்தது, நின்றது. நிற்பது அதிகமாக இருந்தது. எண்ணெய் காலை வாரிவிட்டது என்று நினைத்தேன். எனக்குள் பயம் ஏறியது. மதியத்துக்கு முன்னாலேயே அவர் வந்துவிட்டார். மெஷின் தோளில் இருந்தது, காலெல்லாம் புல் ஒட்டியிருந்தது. குழாயடியில் வந்து நின்று என்னையே பார்த்தார்.

“நீ கிரவுண்டுக்கு வந்தியா?” என்று கேட்டார்.

“நா எதுக்கு வாறேன்? காலையிலேர்ந்து இங்கதான் தொவைக்கிறேன்.”

“மஜாக் பண்ணாத. எனக்குப் பின்னாடி வந்து நின்ன.”

அவர் விளையாடவில்லை. முகம் வெளுத்திருந்தது. மெஷினை இறக்கி வைக்கக்கூட மறந்து, நின்றபடியே சொன்னார்.

“ஒன் தல எண்ணெ வாசம். கருகுன மாதிரி, ஆனா ஒன் வாசந்தான். நீதான் தேத்தண்ணி கொண்டாந்துட்டியோன்னு திரும்புனேன். ஆள காணோம். நாலடி போனா மறுபடி வாசம். மறுபடி திரும்புறேன். மெஷின பந்த் பண்ணா நீ போயிர்ற, ஸ்டார்ட் பண்ணா வந்துர்ற.”

அதைச் சொல்லும்போதும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அந்த மெஷினில் என்ஜின் இருப்பது பிடிப்பவரின் முதுகுப் பக்கம். புகை பின்னாலிருந்துதான் வரும். மைதானம் முழுக்க அவர் நடக்க நடக்க, நான் அவருக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறேன். கை சோப்பு நுரையோடு அப்படியே நின்றது.

அவர் கையிலிருந்த கேனை வாங்கி, மூடியைத் திருகி, அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். வழக்கமான மரியாதையோடு குனிந்தார். உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு இருமினார். பெட்ரோல் நெடி ஏறியிருந்தது. பிறகு அவராகவே கேனை வாங்கி மெதுவாக, பயந்து பயந்து முகர்ந்தார்.

“ஒன் எண்ணெயவா ஊத்துன?” என்றார்.

தலையாட்டினேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தார், அது அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டாள். ஒன்றுமில்லை, பெட்ரோல் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் இருக்கும், மனுஷன் சோதனை போட வந்த அதிகாரி மாதிரி அறை முழுக்க முகர்ந்து பார்த்தார். சில வாசம் தெரிந்தது, சிலது தெரியவில்லை. சோப்பு தெரியவில்லை. ரசம் கொஞ்சம் தெரிந்தது. பின்பக்கச் சாக்கடை நன்றாகத் தெரிந்தது. இத்தனை நாள் இந்த நாற்றத்திலா குடியிருந்தோம், நீ ஏன் சொல்லவில்லை என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். கடைசிவரை அந்த மூக்கு முழுசாகத் திரும்பவில்லை, மழைநாளில் வரும், சளி பிடித்தால் போய்விடும். இருப்பதே போதும் என்று இருந்துவிட்டோம்.

மைதானத்தில் பாதிப் புல் மிச்சம் இருந்தது. பிளக்கைத் துடைத்து மாட்டினார். சாப்பிடும்போது குழம்பில் புளி தூக்கல் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, என் சமையலை அவர் குறை சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்ததால் அந்தக் கோபத்தை நான் ஆசையோடு அனுபவித்தேன். பிறகு அவர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டார். மீதிக் கேனை நான் தூக்கிக்கொண்டேன். புறப்படுவதற்கு முன்னால், எதற்கு என்று யோசிக்காமலேயே, தலையெண்ணெய் பாட்டிலின் அடியில் மிச்சமிருந்ததைத் தலையில் தேய்த்துக்கொண்டேன்.

வாசலில் இறங்கியதும், “நீ முன்னால போ” என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை, நடக்கத் தொடங்கிவிட்டார். ஜங்லிகாட் கடைத்தெருவில் கூட்டம் எப்போதும் போல நெரித்தது. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், மீன்கூடைக்காரர் குறுக்கே போனார், எனக்கும் அவருக்கும் நடுவில் யார் யாரோ புகுந்தார்கள். கேனைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். மைதானம் வந்து சேரும்வரை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.