பெட்டியாக உட்கார்ந்தவள்

அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து கொண்டுவந்த இரும்புப் பெட்டி இன்றும் செகந்திராபாத் அல்வாலில் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் ஒரு மூலை சப்பை. என் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சண்டை நடந்தது தெரியும். யார் ஜெயித்தது என்பதற்குத்தான் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி என் ஜோடி.

ஜோடி என்றதும் புருஷனை நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதர் பிறகு வந்தவர். நிஜாம் ஆட்சியின் கடைசி வருடங்களில், செகந்திராபாத்தில் பெண்களுக்கென்று ஒரு நாட்டியக் காலேஜ் இருந்தது. மாணவிகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள், சேர்ந்து ஆடவும், முறை வைத்து ஹாலைப் பெருக்கவும். எனக்கு வாய்த்தவள் மூன்று தலைமுறையாக அந்த ஊரிலேயே இருந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அவள் பேச்சில் உருதுவும் தெலுங்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்; தமிழ் ஓரமாக நிற்கும்.

நான் காலேஜில் சேர்ந்ததே வேடிக்கை. படித்தது ஐந்தாவது வரைதான். ஆடத் தெரிந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். தலைக்கு அஞ்சாம் கிளாஸ், காலுக்குக் காலேஜ் என்று லாலாகுடா குவார்ட்டர்ஸே சிரித்தது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா சிரிக்கவில்லை. "புது இன்ஜினை ட்ரையல் ஓட்டற மாதிரி ஒரு டெர்ம் போ. பரீட்சைல தேறலேன்னா பேசாம ஷெட்டுக்கு வந்துடு" என்றார். ஷெட் என்று அவர் சொன்னது அடுப்படியை. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

முதல் மாதம் முழுக்க வாத்தியாரிடம் ஒரே பாட்டுத்தான் கேட்டேன். "அடவு சுத்தமா இருக்கு. ஆனா பாதி ஆளுதான் ஆடறே. மீதி ஆளை எங்கடி வெச்சுட்டு வந்தே? இப்படியே ஆடினா பரீட்சை அன்னிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்." எங்கே வைத்தேன் என்று எனக்கும் தெரியவில்லை. தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதேன்.

காலேஜ் நடந்தது ஒரு பழைய பங்களாவில். கூரையிலிருந்து சுண்ணாம்பு மாவு மாதிரி உதிர்ந்து, காலையில் தரையின் ஷாபாத் கற்கள் வெளுத்துக் கிடக்கும். ஒருநாள் எங்கள் முறை. துடைப்பத்தைக் கண்டாலே என் ஜோடிக்கு இடுப்பு வலி வரும். "நக்கோ ரே, இப்ப வேணாம், முதல்ல ஆடலாம். காலே பெருக்கிடும்" என்றாள். ஆடினோம். முடித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் ஆடிய பக்கம் கண்டபடி அழிந்திருந்தது. என் பக்கம் சின்ன வட்டம். அதிலும் வலது ஓரம் கடித்த அப்பளம் மாதிரி. அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு கலையவே இல்லை.

"கைக்கு அங்க போக மாட்டேங்கறே? யாரு உக்காந்திருக்கா, உன் மாமியாரா?" என்றாள். அவள் 'கைக்கு' என்றால் 'ஏன்' என்று அர்த்தம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உட்கார்ந்திருந்தது பெட்டி. எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தது ஒரே அறை. ஆடச் சொல்லிக்கொடுத்த என் அத்தை கட்டிலில் உட்கார்ந்து தாளம் தட்டுவாள். மிச்சம் கிடந்த இடத்தில்தான் நான் ஆடக் கற்றேன். வலது பக்கம் இரும்புப் பெட்டி. நன்றாக இரண்டு தடவை இடித்துக்கொண்ட பிறகு கால் தானாகவே ஒதுங்கப் பழகிவிட்டது. அவ்வளவு பெரிய ஹாலுக்கு வந்தும் இல்லாத பெட்டியைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன்!

சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, கலையாத சுண்ணாம்பின் மேலேயே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "நான்தான் பெட்டி. ஆடு. மோதினே, உதைப்பேன்."

மறுநாள் ஒரு கல் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் இன்னொரு கல். என் கால் அவளைத் துரத்திக்கொண்டே போனது. வாத்தியார் கேட்டால் கால் சுளுக்கு என்பாள். இப்படி அவள் பயிற்சி நேரமெல்லாம் பெட்டியாகவே கழிந்தது. பரீட்சைக்கு முந்தின வாரம் அவள் முதுகு சுவரில் இடித்தது. "ஹவ், இனிமே நகர இடமில்லே" என்றாள்.

பரீட்சைக்கு ஒவ்வொருவராகத்தான் கூப்பிட்டார்கள். வலது பக்கம் பார்த்தேன். ஜோடி இல்லை, பரீட்சை பார்க்க வந்த அம்மாளும், அவருடைய சின்ன மேஜையும், மேலே தண்ணீர் டம்ளரும். மேஜையைப் பார்த்ததும் கால் பழைய புத்திக்குப் போயிற்று. அப்போது அந்த அம்மாளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே ஜோடி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

போனேன். போனது கொஞ்சம் அதிகம். கால் மேஜையில் பட்டு, டம்ளர் தண்ணீர் முழுக்க அந்த அம்மாள் மடியில். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் புடவையை உதறிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இந்த ஹால் உனக்குப் போதலையா?"

தேறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "ட்ரையல் ஓடிச்சா?" என்றார். "ஓடிச்சுப்பா. கடைசில தண்டவாளத்தை விட்டு இறங்கிடுச்சு" என்றேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

ஜோடியும் தேறினாள், எல்லாருக்கும் கடைசியாக. நான் குற்ற உணர்ச்சியோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். "தேறினா போதும். பெட்டிக்குக் கைக்கு முதல் மார்க்கு?" என்றாள். பிறகு கல்யாணமாகி நாக்பூர் பக்கம் போய்விட்டாள். கடிதம் போடலாம் என்றால் எழுத்து விஷயத்தில் அவளும் என்னைப் போலத்தான். சொல்லாமலே தங்கிவிட்ட நன்றி இது ஒன்றுதான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

போன மாதம் வெள்ளையடிக்கப் பெட்டியை வெளியே எடுத்தார்கள். நான் வழக்கம்போல வளைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். பேத்தி சிரித்தாள். "பாட்டி, அங்க ஏமி லேது, ஒண்ணுமே இல்ல. நேரா ரா!"

நின்று பார்த்தேன். தரை வெள்ளையாகக் கிடந்தது. வலது காலை எடுத்து நடுவில் வைத்தேன், கையையும் நீட்டினேன். தோள் பாதி வழியிலேயே முனகியது.

"இன்னும் ஒரு கல் நகருடி" என்றேன்.