சுவர் திருப்பித் தட்டினது

எனக்கு எழுபத்தொன்பது வயசு. நாலு பெத்து, தம்பி மகனையும் சேர்த்து அஞ்சு பேரை வளர்த்தவ. கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், அதனால நான் சொல்லச் சொல்லப் பேத்தி கவிதா எழுதுறா. பேய் பிசாசுன்னு யாராவது எங்க அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழ உட்கார்ந்து பேசினா, "உங்களுக்கு வேற வேலை இல்லையா?"ன்னு எழுந்து போயிடுவேன். அப்படிப்பட்டவ சொல்றேன், நம்பினா நம்புங்க.

உட்லண்ட்ஸ் வீட்டுல என் ரூமுக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஒரு சுவர் இருந்தது. அதை இடிக்கணும்னு சொன்னா மருமக சாந்தி. "நீங்க உள்ள விழுந்து கிடந்தா எனக்கு எப்படித் தெரியும், அத்தை?" நான் என்ன விழற ஆளா? அடுப்படியில நின்னுக்கிட்டே என்னைக் காவல் காக்கப் பார்க்கிறான்னுதான் எனக்குப் பட்டது. கதவைச் சாத்திக்க எனக்குன்னு ஒரு ரூம் வேண்டாமா?

ஜொகூர்லேருந்து செல்வம்னு ஒரு கான்ட்ராக்டர் தம்பி பிளானோட வந்தார். "மேல் வீட்டுப் பாரத்தைத் தாங்குற சுவர்னா தொடவே முடியாது பாட்டி. இது வெறும் செங்கல்னு பிளான்ல இருக்கு, பெர்மிட் கிடைச்சிடும்லா. எதுக்கும் தட்டிப் பார்த்துடுறேன்." தாங்குற சுவரா இருக்கட்டும் முருகான்னு வேண்டிக்கிட்டேன். அவர் தட்டினா உள்ள வெத்தா, பொள்ளையாத்தான் சத்தம் வருது.

எனக்கு ஆத்திரம். இஞ்சி இடிக்கிற கல்லுரலைக் காலையிலேயே கழுவிக் கவிழ்த்து வச்சிருந்தேன். பக்கத்துல இருந்த குழவியை எடுத்துட்டு வந்து, "இப்படித் தட்டணும் தம்பி"ன்னு என் ரூம் பக்கமிருந்து நானே தட்டினேன்.

அந்தப் பக்கத்துலேருந்து திருப்பித் தட்டினது. ரெண்டு இடி, அப்புறம் சர்ருன்னு ஒரு இழுப்பு. இஞ்சியை ரெண்டு இடி இடிச்சு ஒருதரம் தேய்ச்சு விடறது என் பழக்கம், அந்த வீட்டுல வேற யாருக்கும் அது கிடையாது. செல்வமும் கேட்டார். "அக்கா டீ போடுறாங்க போல"ன்னார்.

நான் குழவியை எடுத்துட்டு வந்ததும் சாந்தி அடுப்படிக்கு வந்து, என்னை மாதிரியே இடிச்சுக் காட்டிக் கேலி பண்றாளேன்னு எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. "என்னைப் பைத்தியமாக்கி முதியோர் ஹோம்ல தள்ளப் பார்க்கிறியா, கேடுகெட்ட சிறுக்கி!"ன்னு கத்தினேன். வெளியாள் முன்னால.

"அத்தை"ன்னு குரல் வந்தது. அடுப்படியிலேருந்து இல்லை, வாசல்லேருந்து. தேக்கா மார்க்கெட் பையோட சாந்தி நிக்கிறா, செருப்புகூட இன்னும் கழட்டலை. எனக்குப் பிடிச்ச முருங்கைக்கீரை பைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. உள்ள வந்து செல்வத்துக்குத் தண்ணி கொடுத்தா, கண்ணு மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு அந்தத் தரையிலேயே புதைஞ்சிடலாம்போல இருந்துச்சு.

அடுப்படியில யாரும் இல்லை. கவிழ்த்து வச்ச உரல் நிமிர்ந்து கிடந்தது. உள்ள இஞ்சி, அப்பத்தான் நசுக்கின மாதிரி சாறோட. குழவி என் கையில.

"இடிச்சிடுங்க தம்பி"ன்னேன். மன்னிப்புக் கேக்க வாய் வரலை, அதுதான் வந்தது.

பெர்மிட் கிடைச்சு சுவரும் போச்சு. ஆனா இன்னிக்கும் சில நாள், நான் கட்டில்ல படுத்திருக்கேன், அவ எனக்கு முதுகைக் காட்டிக் காய் நறுக்குறா, சுவர் நின்ன இடத்துலேருந்து ரெண்டு இடி, ஒரு இழுப்பு. அவ திரும்பிப் பார்க்கிறதில்லை. "போதும் அத்தை, டீ நான் போடுறேன்"ங்கிறா. நான் எழுந்திருக்கவே இல்லைன்னு அவகிட்டச் சொல்ல எனக்கு இன்னும் துணிச்சல் வரலை.

கவிதா, எழுதிட்டியா? உங்கம்மாவை நான் சொன்ன அந்த வார்த்தையை நீ விட்டிருப்ப, எனக்குத் தெரியும். அதையும் போடு. போட்டுட்டு முதல்லேருந்து வாசி. சத்தமா வாசி, அடுப்படிக்குக் கேக்கட்டும்.