தங்கமணி வாங்கிய பள்ளத்து வீடு

வீடு வாங்கப் போகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், தளத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். தங்கமணி நேராகக் கொல்லைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சின்னசேலத்துப் பக்கம் அவளும் புருஷன் அய்யனாரும் காட்டில் போர் போட்டுப் போட்டு ஓய்ந்தவர்கள். ஒவ்வொரு தடவையும் குழாயிலிருந்து வெறும் புகைதான் கிளம்பியது. கிணறு வற்றும்போதெல்லாம் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கி, அடைத்த ஊற்றுக்கண்ணைக் கடப்பாறையால் குத்திவிட்டு, கசிந்ததை வழித்து மேலே அனுப்பிய பொம்பளை அவள்.

அய்யனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிற்று. வைத்தியத்துக்காகக் கள்ளக்குறிச்சியில் மகன் அன்புச்செல்வனோடு போய் இருந்தார்கள், அவன் குடியிருந்ததோ மாடி வீடு. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இரண்டு ஆள் அவரை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்க வேண்டும். எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒதுங்கி நிற்பார்கள். அய்யனார் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அதைப் பார்க்கச் சகிக்காமல், படியே இல்லாத தரைவீடு ஒன்று வேண்டும் என்று தங்கமணி ஒற்றைக் காலில் நின்றாள். வறண்ட காட்டை விற்றார்கள். டவுனில் தோதான வீடு அகப்படவில்லை. கல்வராயன் மலையில், கரியாலூருக்குக் கீழே ஒரு பள்ளத்தில் அகப்பட்டது.

சின்ன வீடுதான். பின்னால் மலைச்சரிவு ஓங்கி நின்றது, அதன் காலடியில் ஊற்று. கீழே ஆடுமாடெல்லாம் நாக்குத் தள்ளிக் கிடந்த சித்திரையில் அது கைக்கனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. தங்கமணி அள்ளிக் குடித்தாள், முகத்தில் அடித்துக்கொண்டாள், அழுதும்விட்டாள். விற்கிற ராமசாமி வாசலை விட்டு நகரவே இல்லை. கொல்லைப்பக்கம் ஒரு எட்டு வைக்கவில்லை. சொந்த வீட்டை விற்கிறவருக்கு மனசு ஆறுமா என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஊரெல்லாம் மேட்டில் இருக்க இது மட்டும் ஏன் பள்ளத்தில் தனியாக நிற்கிறது என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. மேட்டில் இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் ஏது, பாவம் என்று நினைத்தாள்.

பால் காய்ச்சி இருவரும் குடிபோனார்கள். மறுநாளே அய்யனார் சக்கர நாற்காலியை ஒற்றைக் கையால் தள்ளித் தள்ளித் தானாக வாசலுக்கு வந்து வெயிலில் உட்கார்ந்தார். யாரும் தூக்கவில்லை. தங்கமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேட்டு வீட்டு ராஜாங்கம், மரவள்ளி போடுகிறவன், அன்றிலிருந்து விடிந்தால் வந்து நின்றான். தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொல்லைக்குப் போவான், ஊற்றைப் பார்ப்பான், பேசாமல் போய்விடுவான். அவன் வராத நாளில் வேறு யாராவது வந்தார்கள். என்ன விஷயம் என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். ஊற்று ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறோம், மழைக்காலத்து வழக்கம் என்றான். மற்றதை ராமசாமி சொல்லியிருப்பார் என்று அவன் விட்டுவிட்டான், இவளும் கேட்கவில்லை.

"வந்து வந்து இன்னாத்த பாக்கறானுங்க? கண்ணு பட்டே வத்திப்பூடும் போலகீது" என்று புருஷனிடம் பொருமினாள்.

"இன்னா வழக்கம்னு கேளு அவன" என்றார் அய்யனார், குழறலாக.

காதில் வாங்கினால்தானே. அன்றைக்கே ஊற்றைச் சுற்றி ஆளுயரத்துக்கு மூங்கில் தட்டி வைத்து அடைத்தாள். போதாததற்குத் திருஷ்டிப் பூசணி ஒன்றையும் கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள் வந்த ராஜாங்கத்தின் முகம் விழுந்துபோயிற்று. தட்டியை எடுத்துவிடச் சொல்லிப் பார்த்தான். மாடு வாய் வைக்கிறது என்று அவள் பொய் சொன்னாள். அதன்பிறகு அவன் பாதையில் நின்றபடியே குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனான்.

மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு விடியலில் தங்கமணிக்கு என்னவோ போல விழிப்பு வந்தது. கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் இல்லை. ஓடிப்போய்த் தட்டியை விலக்கினாள். ஊற்றின் வாயில் ஒரு சொட்டு இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பாதையிலிருந்து ராஜாங்கத்தின் குரல் வந்தது.

"ஊத்து ஓடுதாம்மா?"

இல்லை என்றால் என்ன ஆகும்? இவள் காலடி பட்டதும் ஊற்று வற்றிவிட்டது என்று மலை முழுக்கப் பேசுவார்கள்.

"ஓடுது தம்பி."

அவன் நம்பிப் போய்விட்டான். தங்கமணி கடப்பாறையை எடுத்தாள். வற்றினால் கண்ணைக் குத்திவிட வேண்டும், அவளுக்குத் தெரிந்தது அதுதான். கடப்பாறை பழுத்த பலாவில் இறங்குவது போல மண்ணில் கைப்பிடிவரை இறங்கியது. அப்போதாவது விட்டாளா, பாவி! உச்சிப்பொழுது வரைக்கும் குத்திக்கொண்டே இருந்தாள். குத்தியதெல்லாம் சரிந்து சரிந்து மூடியது. மண்வெட்டி இருந்தால் ஆகும் என்று தோன்றியது. அய்யனாருக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்து, போர்த்திப் படுக்கவைத்துவிட்டு மேட்டுக்கு ஏறினாள்.

இந்த மழையில் மண்வெட்டி எதற்கு என்று ராஜாங்கம் கேட்டான். ஊற்றுக்கண் அடைத்துக்கொண்டது என்றாள்.

"எப்ப நின்னுதும்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "காத்தால. நீ கேட்டப்பவே."

அவன் அவளைத் திட்டக்கூட இல்லை. வீடு வீடாகக் கூவிக்கொண்டே பள்ளத்தைப் பார்த்து ஓடினான். அவளும் பின்னால் ஓடினாள்.

"மழ ஊத்தறப்ப ஊத்து நின்னா, தண்ணிய மல வவுத்துல கட்டிக்கினு கீதுன்னு அர்த்தம்மா. அதைப் பாத்துட்டுதானே நாங்க ஆளுங்கள மேட்டுக்குத் தூக்குவோம்" என்றான் ஓட்டத்திலேயே.

பாதி வழிகூடப் போகவில்லை. சரிவிலிருந்த மரங்கள் நின்ற வாக்கிலேயே கீழே நகர்ந்தன. பூமி ஒருமுறை உறுமியது. மழைப்புகை விலகியபோது வாசலும் முன்சுவரும் மட்டும் தெரிந்தன, பின்னால் எல்லாம் சேறு.

மேட்டு ஆட்கள் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். கையில் கிடைத்ததை வைத்துத் தோண்டினார்கள். தங்கமணி முழங்கால் சேற்றில் நின்று, நான் பொய் சொல்லிட்டேன், நான் பொய் சொல்லிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் தோண்டுவது என்று யாருக்கும் புரியவில்லை. ராஜாங்கம் அவள் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தினான்.

"கட்டில் எந்தப் பக்கம்மா கெடந்துது?"

சேறு எங்கே மலையாகக் குவிந்து கிடந்ததோ அங்கே கையை நீட்டினாள் தங்கமணி.

"பின்சுவத்த ஒட்டி, தம்பி. தண்ணி சத்தம் கேட்டுக்கினே தூங்கட்டும்னு நான்தான் இழுத்துப் போட்டேன்."