புழக்கடைச் சுவரில் ஒயர்ப் பெட்டி

எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து மரியாதை ஊருக்கெல்லாம் தெரிந்தது. கன்றுக்குட்டியைக்கூட ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். கன்றுக்குட்டிக்கு உண்டு, எங்கள் தெருவுக்குக் கிடையாது. என் அம்மாவை எந்தப் பண்ணையக்காரரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் டிப்ளமா முடித்து, கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைக்கும் வேலையைக் காந்திபுரத்தில் ஒரு கம்பெனியில் கற்றுக்கொண்டு, தனியாகத் தொழிலில் இறங்கியிருந்தேன். ஒரு வீட்டுக்கு ஒயர் போட எனக்கு முதலில் கிடைத்த வேலை இது. பஞ்சாலை வைத்திருந்த ஒரு பெரியவர், அன்னூரில் தோட்டமும் உண்டு, நகரத்தில் பெரிய வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் பூசுவதற்கு முன்பே எல்லா அறைக்கும் நெட்வொர்க் ஒயர் ஓட்டிவிட வேண்டும் என்று அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மகன் போனில் சொல்லியிருந்தான். இது நன்றாக வந்தால் ஈரோட்டில் வீடு கட்டும் தன் சம்பந்தியிடமும் என்னைச் சேர்த்துவிடுவதாகப் பெரியவர் சொன்னார். இரண்டு பெரிய வீடுகள் கைக்கு வந்தால் தொழிலில் காலூன்றிவிடலாம். எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

இரண்டு வகை ஒயர்களை அவர் முன்னால் வைத்தேன். ஒன்று டி.வி. கேபிள் மாதிரி இருக்கும், விலை குறைவு. அறைக்கு அறை சங்கிலியாகப் போகும், ஓரிடத்தில் விட்டுப்போனால் மொத்தமும் நின்றுவிடும். மற்றதில் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியது. ஒவ்வோர் அறையிலிருந்தும் தனித்தனியாக வந்து, ஒரு பெட்டிக்குள் எல்லாவற்றையும் இணைக்கும் ஹப் என்ற கருவியில் சேரும். இதுதான் நல்லது என்றேன். பஞ்சை நிமிண்டிப் பார்ப்பது போல இரண்டையும் நிமிண்டிப் பார்த்துவிட்டு, “நீங்க சொல்றதே போட்டுருங்க தம்பி” என்றார். பெட்டிக்கு மாடிப்படியின் அடியில் இடம் குறித்தோம். அளவெடுக்க, குழாய் பதிக்க என்று வாரக்கணக்கில் முன்வாசல் வழியாக நுழைந்து எல்லா அறையிலும் திரிந்தேன். பூஜை அறையில் பீடி குடித்த கொத்தனாரை நானே அதட்டியிருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒருநாள் பெரியவரின் மனைவி கட்டடம் பார்க்க வந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், அன்னூர்த் தோட்டத்துக்குக் களை வெட்ட வருகிறவளின் பெயரைச் சொல்லி, அவள் மகனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியே அம்மா சாடை, மறைக்கவா முடியும்? மறைக்கத் தோன்றவும் இல்லை. பரவாயில்லை, நன்றாகப் படித்துவிட்டாய் என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் பெரியவர் பெட்டியை இடம் மாற்றச் சொன்னார். வீட்டுக்கு வெளியே, புழக்கடைச் சுவரில், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில். அங்கே வெயில் அடிக்கும், சாரல் விழும், பல்லி முட்டையிடும், ஹப் கெட்டுப்போகும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“பால் காய்ச்சிக் குடி வந்துட்டா, நீ உள்ள வந்து போறது உனக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். வெளிய இருந்துச்சுன்னா உனக்குத்தான் சௌகரியம் கண்ணு.”

கண்ணு என்றார். அவ்வளவு வாஞ்சையாக என்னை யாரும் வெளியே தள்ளியதில்லை. போட்டது போட்டபடி போயிருக்கலாம், ஆனால் ஈரோட்டு வீடு கண் முன்னால் நின்றது. தலையை ஆட்டினேன். எல்லா ஒயரையும் வெளியே இழுத்துத் தகரப் பெட்டிக்குள் சேர்த்து, என்னால் முடிந்த மட்டும் மேலே ஒரு தகரமும் அடித்துக் கொடுத்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. வீடு முழுக்கக் கோமியம் தெளித்தார்களாம். எல்லா வீட்டிலும் தெளிப்பதுதான். எனக்காகக் கொஞ்சம் கூடுதலாகத் தெளித்திருப்பார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் கம்ப்யூட்டர் இணைப்பு எதுவும் வேலை செய்யவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். போய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே தண்ணீர், ஹப் கருகிக் கிடந்தது. பெரியவர் பின்வாசல் படியில் வந்து நின்றார். பக்கத்தில் ஈரோட்டுச் சம்பந்தி. என் வேலையைப் பார்ப்பதற்காக அவரை முன்பே வரச் சொல்லியிருந்தார்கள், அவர் வந்து சேர்ந்த நாள் இதுவாகப் போயிற்று.

மழை படுகிற இடத்தில் இதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று சம்பந்தி கேட்டார். என்னிடம் இல்லை, பெரியவரிடம். நானும் பெரியவரைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நிஜமாகவே நம்பினேன்.

“என்ன படிச்சாலும் அவனுகளுக்கு அவ்வளவுதான் வருமுங்க சம்மந்தி” என்றார்.

எவனுகளுக்கு என்று சம்பந்தி கேட்கவில்லை. இருவரும் உள்ளே போய்விட்டார்கள். ஈரோட்டு வீடு போயிற்று என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒயர் வெட்டும் கட்டர் என் கையில் இருந்தது. அந்தக் கொத்தை அடியோடு வெட்டிப்போட எனக்கு அரை நிமிடம் போதும். பெரியவரின் மனைவி படியில் நின்றபடி, புது ஹப்பை எப்போது மாட்டுவாய் என்று கேட்டார். நாளைக்கு வாரேனுங்க என்றேன். அம்மா அன்றைக்கும் அவர்கள் தோட்டத்துக்குத்தான் களை வெட்டப் போயிருந்தாள்.